நாற்பத்து மூன்று வயதில் ஆசிரியர் படிப்பு: டர்பனிலிருந்து ஓர் அனுபவம்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் கோயில் தமிழ் வகுப்பு முடிந்ததும் என்னைத் தேடி வரும் பெண்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "இந்த வயதில் டீச்சர் படிப்பில் சேர்த்துக்கொள்வார்களா, அக்கா?" சேர்த்துக்கொள்வார்கள். நான் 2019இல் யூனிசா என்ற அஞ்சல்வழிப் பல்கலைக்கழகத்தில் பி.எட். படிப்பில் சேர்ந்தபோது எனக்கு வயது நாற்பத்து மூன்று. என் வயதைப் பற்றி அங்கே யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டதெல்லாம் காகிதம். பழைய சான்றிதழில் பெயர் எப்படி இருக்கிறது, மெட்ரிக் என்று இங்கே சொல்லும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி எந்த வகை, பயிற்சிக்கு எந்தப் பள்ளி. வீட்டிலும் வேறு கேள்விகள் எழுந்தன. அடுப்பை யார் பார்ப்பது, பயிற்சி வாரங்களில் சம்பளம் இல்லாவிட்டால் வாடகைக்கு என்ன செய்வது. வயதை எண்ணிக் கவலைப்படும் நேரத்தை இவற்றில் செலவிட்டால் படிப்பு நடக்கும். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருந்து இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். தென்னாப்பிரிக்காவில் பி.எட். என்பது பட்டம் பெற்ற பிறகு சேரும் படிப்பு அல்ல. மெட்ரிக் முடித்தவர் நேராகச் சேரும் நான்காண்டுப் பட்டம் அது. ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருப்பவர் பி.ஜி.சி.இ. என்ற சான்றிதழ்ப் படிப்பை முடித்து ஆசிரியராகலாம். ஆனால் அவருடைய பட்டத்தில் பள்ளிப் பாடங்கள் போதுமான அளவு இருக்க வேண்டும். என்னிடம் பட்டம் இல்லை. 1993இல் எழுதிய மெட்ரிக் மட்டும் இருந்தது.

எங்கள் தாத்தா டர்பன் மாநகராட்சித் தொழிலாளி. மேகசின் பாரக்ஸ் என்ற மாநகராட்சித் தொழிலாளர் குடியிருப்பில் வாழ்ந்தவர்களை 1960களில் சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றியபோது எங்கள் குடும்பமும் இங்கே வந்தது. இந்த மண்ணில் நம் மக்களுக்குப் பள்ளிக்கூடம் யாரும் கொண்டுவந்து கொடுத்ததல்ல. கரும்புத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் காசு சேர்த்து, தாங்களே செங்கல் சுமந்து பள்ளிகளைக் கட்டினார்கள். அரசு பிறகு அதில் உதவி சேர்த்தது. வலங்கைமானில் பிறந்த ஸ்ரீனிவாச சாஸ்திரி 1927இல் இந்தியாவின் பிரதிநிதியாக இங்கே வந்து முயற்சி எடுத்ததால் 1929இல் டர்பனில் சாஸ்திரி கல்லூரி திறந்தது. ஆசிரியர் பயிற்சியும் அங்கே நடந்தது. நான் சிறுமியாக இருந்த காலத்தில் எங்கள் தெருவில் ஓர் ஆசிரியர் நடந்து போனால் திண்ணையில் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். ஆனாலும் பல வீடுகளில் மகனைப் படிக்க அனுப்பி, மகளைத் துணி ஆலைக்கு அனுப்பினார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஒரு சம்பளம் கூடுதலாக வந்தால்தான் மாதம் ஓடும் என்ற நிலை.

ஆலையில், துணியின் ஓரம் தைக்கும் ஓவர்லாக் இயந்திரத்தில் எனக்கு வேலை. நாட்டின் இறக்குமதி வரி குறைந்து மலிவான வெளிநாட்டு உடைகள் குவிந்தபோது டர்பனில் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. எங்கள் ஆலையும் மூடியது. அதன் பிறகு ஒரு பேரங்காடியில் கல்லாவில் உட்கார்ந்தேன். இரண்டு பிள்ளைகள் வளர்ந்தார்கள். மாலையில் கோயில் மண்டபத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பது மட்டும் விடாமல் நடந்துவந்தது.

அங்கேதான் ஒன்றைக் கவனித்தேன். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் ஆங்கிலப் பத்தியைத் தடங்கல் இல்லாமல் படிப்பார்கள். படித்ததில் என்ன நடந்தது என்று கேட்டால் அதே பத்தியைத் திரும்பப் படிப்பார்கள். அந்தப் பிள்ளைகள் மந்தமானவர்கள் அல்லர். 2017 டிசம்பரில் பிர்ல்ஸ் என்ற பன்னாட்டு வாசிப்புத் தேர்வின் முடிவு வெளியானது. தென்னாப்பிரிக்காவில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 78 விழுக்காட்டினர் பொருள் புரிந்து படிக்க முடியாத நிலையில் இருக்கிறார்கள் என்று அது சொன்னது. கொரோனா காலத்தில் நடந்த 2021ஆம் ஆண்டுத் தேர்வில் இது 81 ஆக உயர்ந்தது. 2017இல் அந்த முதல் செய்தியைக் கேட்ட அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. நான்காம் வகுப்பில் தெரியவரும் குறை முதல் மூன்று ஆண்டுகளில் உண்டாவது. அந்த மூன்று ஆண்டுகளில் பிள்ளையின் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தோன்றியது. அதற்கு ஒரு தகுதிச் சான்றிதழ் வேண்டும்.

முதலில் காகிதங்களைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் ஆர்வத்தோடு புறப்படும் பெண்கள் பாதிப் பேர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். பழைய மெட்ரிக்கில் தேறியவர்கள் எல்லோருக்கும் பல்கலைக்கழகத்தில் சேரும் உரிமை கிடைக்கவில்லை. அதற்கு 'எக்ஸெம்ப்ஷன்', அதாவது விலக்கு, என்ற குறிப்பு சான்றிதழில் இருக்க வேண்டும். என்னுடையதில் இல்லை. பலர் இதைப் பார்த்ததும் கதவு மூடிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். மூடவில்லை. 23 வயது கடந்தவர்களுக்கு, மெட்ரிக்கில் குறிப்பிட்ட பாடங்களில் தேறியிருந்தால், வயதின் அடிப்படையில் நிபந்தனையோடு கூடிய விலக்கு உண்டு. 45 வயதை எட்டியவர்களுக்குத் தனி விதியே இருக்கிறது. முதலாண்டுப் பாடங்களில் தேறிய பிறகு அந்த நிபந்தனை நீங்கும். மெட்ரிக்கே முடிக்காதவர்கள் 21 வயதுக்கு மேல் பெரியவர்களுக்கான சீனியர் சர்டிஃபிகேட் தேர்வை எழுதலாம். அதற்கு உதவும் 'இரண்டாம் வாய்ப்பு' திட்டத்தைக் கல்வித் துறை 2016 முதல் நடத்துகிறது. உங்கள் சான்றிதழ் எந்த வகை என்பதை முதலில் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்தவர் சொன்னார், உறவினர் சொன்னார் என்பதை நம்பி ஓராண்டை இழக்காதீர்கள்.

அடுத்தது பெயர். இது நம் ஆட்களுக்கே உரிய தொல்லை. கப்பலில் வந்த முன்னோர் பெயரை எழுதிக்கொண்ட எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். அண்ணனுக்கு ஓர் எழுத்துக் கூடுதலாகவும் தம்பிக்குக் குறைவாகவும் குடும்பப் பெயர் இருக்கும். அப்பாவின் பெயரே குடும்பப் பெயராகிப்போன வீடுகளும் உண்டு. அதோடு கோயிலில் தாலி கட்டிய திருமணங்கள் பல, பதிவு அலுவலர் முன்னிலையில் நடக்காததால், அரசுப் பதிவில் இல்லை. சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், வங்கியில் மூன்றாவது. என் சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் இருந்த வேறுபாட்டுக்குக் காவல் நிலையத்தில் உறுதிமொழிப் பத்திரம் எழுதி முத்திரை வாங்கினேன். அங்கே அதற்குக் கட்டணம் கிடையாது. ஒரே நாளில் எல்லா ஆவணங்களுக்கும் சான்றொப்பமிட்ட நகல்கள் எடுத்து ஓர் உறையில் வைத்துக்கொண்டால் பிறகு ஒவ்வொன்றுக்கும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

எந்த வகுப்புகளுக்கு ஆசிரியராவது என்பதைச் சேரும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் வகுப்புக்கு முந்தைய ஆர் வகுப்பு தொடங்கி மூன்றாம் வகுப்பு வரை அடிப்படை நிலை. அதற்கு மேல் இடைநிலை. அதற்கும் மேல் உயர்நிலை. சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எளிது, படிப்பும் எளிதாக இருக்கும் என்று நினைத்து அடிப்படை நிலையைத் தேர்ந்தெடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தவறு என்று உறுதியாகச் சொல்வேன். ஒரு பிள்ளைக்கு ஒலியும் எழுத்தும் எப்படிச் சேர்கின்றன, பத்துக்கு மேல் எண்ணுவது ஏன் சிக்கலாகிறது என்பதையெல்லாம் நுணுக்கமாகக் கற்பிக்கும் படிப்பு அது. உயர்நிலை வகுப்பில் பிள்ளைக்கு ஒரு பாடம் புரியாமல் போனால் இன்னோர் ஆசிரியர் எடுத்துச் சொல்லிவிடலாம். முதல் வகுப்பில் வாசிப்பு நழுவினால் அதற்குப் பின் வரும் எல்லாப் பாடமும் நழுவும்.

டர்பன் பக்கத்தில் பைன்டவுனில் குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் எட்ஜ்வுட் வளாகம் இருக்கிறது. ஆசிரியர் கல்விக்கென்றே உள்ளது. பகலில் போய்வர முடிந்தவர்களுக்கு அது நல்ல இடம். என்னால் முடியாது. யூனிசா 1946 முதல் அஞ்சல்வழிக் கல்வி நடத்திவருகிறது. சிறையில் இருந்தபடியே மண்டேலா சட்டப் பட்டத்தை 1989இல் பெற்றதும் இங்கேதான். வேலை பார்த்துக்கொண்டு படிப்பவர்களுக்கு இதன் வசதி பெரிது. ஆனால் நீங்கள் படிக்கிறீர்களா இல்லையா என்று கேட்பதற்கு ஆளே இருக்காது. ஓராண்டில் எடுக்கக்கூடிய எல்லாப் பாடங்களையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை வரும். எடுக்காதீர்கள். முழு நேர வேலையும் குடும்பமும் இருப்பவர் நான்காண்டுப் படிப்பை ஆறு ஆண்டில் முடிப்பதில் எந்தக் குறையும் இல்லை. நான் அப்படித்தான் திட்டமிட்டேன், 2024இல் முடித்தேன்.

பணத்துக்கு வழி இருக்கிறது. முதல் முறையாகப் பட்டப் படிப்பில் சேரும் ஒருவரின் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 350,000 ராண்டுக்குள் இருந்தால் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசு நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். ஃபுன்சா லுஷாகா என்ற ஆசிரியர் உதவித்தொகை 2007 முதல் இருக்கிறது. அதை எத்தனை ஆண்டு பெற்றோமோ அத்தனை ஆண்டு அரசுப் பள்ளியில் வேலை செய்ய வேண்டும். ஆனால் அது இளையவர்களை மனத்தில் வைத்து அமைந்தது, நாற்பதில் இருப்பவர்கள் அதை நம்பித் திட்டமிட வேண்டாம். எனக்கு முதல் ஆண்டில் கைகொடுத்தது ஸ்டோக்வெல். நம் ஊர்ச் சீட்டு மாதிரிதான். ஆலையில் என்னோடு வேலை பார்த்த ஜூலுப் பெண்கள் நடத்திய குழு. ஆலை மூடிய பிறகும் அந்தக் குழு கலையவில்லை. என் முறை அந்த ஆண்டின் கடைசியில், டிசம்பரில்தான் வர வேண்டியது. பதிவுக் கட்டணத்தை ஆண்டுத் தொடக்கத்தில், ஜனவரியிலேயே கட்ட வேண்டும் என்று சொன்னதும், முன்வரிசையில் இருந்தவர் தன் முறையை எனக்கு விட்டுக்கொடுத்தார். அவர் பெயரன் அடுத்த ஆண்டு முதல் வகுப்பில் சேர இருந்தான். "நீ படித்து முடித்துவிட்டு அவனுக்குச் சொல்லிக்கொடு" என்றார்.

வீடு. இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, பாடத்தை விட இதற்குத்தான் அதிகம் ஏற்பாடு தேவைப்பட்டது. மாமியார், கணவர், பிள்ளைகள் எல்லோரையும் ஓர் இரவு சாப்பாட்டுக்குப் பின் உட்காரவைத்து, அடுத்த ஆறு ஆண்டுகளில் எந்தெந்த மாதங்கள் எனக்குக் கடினம் என்று நாட்காட்டியில் காட்டினேன். ஜனவரி, பிப்ரவரியில் பதிவும் தைப்பூசக் காவடியும் சேர்ந்து வரும். மே, ஜூனில் தேர்வு. புரட்டாசி விரதம் முடியும் தறுவாயில் ஆண்டிறுதித் தேர்வு நெருங்கிவிடும். அதைத் தொடர்ந்து தீபாவளிப் பலகாரம். இங்கே புரட்டாசி என்றால் மாதம் முழுக்க வீட்டில் கவிச்சி சமைப்பதில்லை. தனிப் பாத்திரம், சனிக்கிழமைப் படையல் என்று வேலை கூடும். மாமியார் அந்த மாதத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். "நீ பூசைக்கு மட்டும் குளித்துவிட்டு வந்து நில், அம்மா. மற்றதை நான் செய்கிறேன்" என்றார். அவர் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். அந்த ஆறு ஆண்டுகளும் சாமி படத்துக்கு முன்னால் என் தேர்வு நுழைவுச் சீட்டை வைத்து விளக்கேற்றினார்.

உதவி கேட்கும்போது பொதுவாகக் கேட்காதீர்கள். "எனக்கு உதவி செய்யுங்கள்" என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள், எதுவும் நடக்காது. "செவ்வாயும் வியாழனும் இரவுச் சாப்பாடு உங்கள் பொறுப்பு" என்று கணவரிடம் சொன்னேன். அவர் முதலில் தயங்கினார். பிறகு அந்த இரு நாட்களும் பீன்ஸ் கறியும் ரொட்டியும் என்று ஆனது. பிள்ளைகளுக்கு அது பிடித்தும்போனது.

என் படிப்பு நேரம் விடியற்காலை. நான்கு மணிக்கு எழுந்து சமையலறை மேசையில் உட்காருவேன். 2022, 2023 ஆண்டுகளில் மின்வெட்டு மிக மோசமாக இருந்தது. தேர்வுகள் இணையம்வழி நடக்கத் தொடங்கியிருந்தன; தேர்வின் நடுவே மின்சாரம் போனால் இணைய இணைப்பும் போய்விடும். வாரத் தொடக்கத்தில் மின்வெட்டு அட்டவணையைப் பார்த்து, ஒப்படைப்புகளை இறுதி நாளுக்கு மூன்று நாள் முன்னதாகவே பதிவேற்றும் பழக்கத்தை வைத்துக்கொண்டேன். மோடத்துக்கு ஒரு சிறிய மின்கலப் பெட்டி வாங்கினேன்; படிப்புக்காகச் செய்த செலவுகளில் அதற்கு இணையான பயன் எதிலும் இல்லை. 2022 ஏப்ரலில் பெருவெள்ளம் வந்து டர்பனில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். எங்கள் பக்கத்தில் பல நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. அந்த வாரங்களில் புத்தகத்தைத் தொடவில்லை, பக்கத்துத் தெருவில் வீடு இழந்தவர்களுக்குச் சமைத்தோம். படிப்பு காத்திருக்கும் என்று அப்போது தெரிந்தது, காத்திருந்தது.

கட்டுரை எழுதும் முறைக்குப் பழகச் சில மாதங்கள் ஆகும். பெரியவர்கள் நாம் சொந்த அனுபவத்திலிருந்தே எழுதுவோம். பேராசிரியர்கள் யார் சொன்னது, எந்த ஆண்டு என்று கேட்பார்கள். இரண்டையும் சேர்த்து எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும். பிள்ளை தனியாகச் செய்ய முடியாததைத் தெரிந்த ஒருவர் துணையோடு செய்யும் என்று உளவியலாளர் வைகாட்ஸ்கி எழுதியதைப் படித்தபோது, என் மகளுக்குக் கோலம் போடப் புள்ளி வைத்துக்கொடுத்த நினைவு வந்தது. இப்படி ஒவ்வொரு கருத்துக்கும் உங்கள் வாழ்க்கையில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கும். பத்தொன்பது வயது மாணவரிடம் அது இருக்காது.

பயிற்சிக் கற்பித்தலுக்கு வருகிறேன். நான்காண்டுப் பட்டத்தில் மொத்தம் 20 முதல் 32 வாரங்கள் பள்ளியில் நின்று கற்பிக்க வேண்டும் என்பது நாட்டின் விதி. வேலை பார்ப்பவர்களின் படிப்பு பெரும்பாலும் இங்கேதான் முறிகிறது. எனக்கு முதல் முறை விடுப்புக் கேட்டபோது மேலாளர் மறுத்துவிட்டார். ஆண்டு விடுப்பை முழுவதும் சேர்த்துவைத்து, மீதி வாரங்களுக்குச் சம்பளமில்லா விடுப்பு எழுதிக்கொடுத்து, கிறிஸ்துமஸ் கூட்ட நாட்களில் கூடுதல் நேரம் வேலை செய்வதாக எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகுதான் அனுமதி கிடைத்தது. ஆகவே பட்டம் முடியும்வரை தேவைப்படும் பயிற்சி வாரங்களை முதல் ஆண்டிலேயே கணக்கிட்டு, அந்த வாரங்களின் சம்பளத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்துவையுங்கள். பயிற்சிக்குப் பள்ளி தேடுவதையும் முந்தைய ஆண்டின் கடைசிப் பருவத்திலேயே செய்துவிட வேண்டும். ஜனவரியில் தலைமையாசிரியருக்கு உங்களோடு பேச நேரம் இருக்காது.

எனக்கு வழிகாட்டியாக வந்த ஆசிரியைக்கு என் மூத்த மகளைவிட இரண்டு வயதுதான் கூடுதல். டர்பனில் நம் ஆட்கள் வயதில் பெரிய பெண்களை 'ஆன்ட்டி' என்றுதான் அழைப்பார்கள். அவரும் முதல் நாள் அப்படியே அழைத்தார். பள்ளிக்குள் நான் அவரை 'மேம்' என்றே அழைத்தேன். பிள்ளைகள் பார்க்கிறார்கள் அல்லவா? வகுப்பில் யார் சொல்வது நடக்கும் என்பது அவர்களுக்குக் குழப்பமில்லாமல் தெரிய வேண்டும். அவர் என் பாடக் குறிப்பில் சிவப்பு மையால் எழுதியவற்றை இன்றும் வைத்திருக்கிறேன். முதல் வாரத்தில் எழுதியது இது: "நீங்கள் அதிகம் பேசுகிறீர்கள். பிள்ளைகள் பேசட்டும்." இளையவர் ஒருவரிடம் மாணவியாக இருக்க மனம் ஒப்பாதவர்கள் இந்தப் படிப்புக்கு வர வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன்.

இனி மொழி. நான் படித்த காலத்தில் சாட்ஸ்வொர்த் பள்ளிகளில் இந்தியப் பிள்ளைகள் மட்டுமே இருந்தார்கள், சட்டம் அப்படி. இன்று அதே கட்டடங்களில் பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் ஜூலு பேசுகிறவர்கள். விடியற்காலையிலேயே மினிபஸ் டாக்ஸியில் ஏறித் தொலைவிலிருந்து வருகிறார்கள். முதல் நாளிலிருந்தே எல்லாம் ஆங்கிலத்தில். ஆசிரியர் பட்டம் பெறுபவர் ஆங்கிலத்தோடு ஓர் ஆப்பிரிக்க மொழியிலும் பேசும் அளவுக்காவது தேற வேண்டும் என்று விதி இருக்கிறது. பலர் அதைத் தேர்வுக்காக மட்டும் படித்து மறந்துவிடுகிறார்கள். நான் ஆலையிலேயே ஜூலு கேட்டுப் பழகியவள்; இயந்திர இரைச்சலுக்கு மேல் கத்திப் பேசிக் கற்ற மொழி. அதைச் செப்பமாகக் கற்க ஸ்டோக்வெல் தோழி ஒருவரிடம் ஞாயிறு மாலைகளில் போய் உட்கார்ந்தேன்.

இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி. தலைமுடியை நெருக்கமாகப் பின்னி, நுனியில் வெள்ளை மணி கோத்திருப்பாள். வாசிப்புப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். கொட்டகையில் கோழி உட்கார்ந்திருக்கிறது, முட்டை படுக்கைக்கு அடியில் இருக்கிறது என்பது போன்ற நான்கு வரிகள். விரலை ஒவ்வொரு சொல்லின் அடியிலும் நகர்த்தி, ஒன்றும் விடாமல் படித்தாள். கோழி எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டேன். விரல் முதல் வரிக்குத் திரும்பியது; மறுபடி படிக்கத் தொடங்கினாள். நான் புத்தகத்தின் மேல் கையை வைத்து மறைத்து, "இன்குக்கு இபி?" என்று அதே கேள்வியை ஜூலுவில் கேட்டேன். நிமிர்ந்து பார்த்தாள். தன் பாட்டி வீட்டுக் கோழி எங்கே முட்டையிடும், யார் எடுக்கப் போவார்கள், போகும்போது அது எப்படிக் கொத்தும் என்று மூச்சு விடாமல் சொன்னாள். மணிகள் குலுங்கின. பிறகு கையை எடுத்தேன். அந்த நான்கு வரிகளில் கோழியைத் தேடச் சொன்னேன், தேடினாள். கொட்டகை என்ற சொல்லில் நின்று, "இது என்ன, மேம்?" என்று கேட்டாள். அதுவரை அவள் எந்தச் சொல்லுக்கும் பொருள் கேட்டதே இல்லை. படிப்பது என்றால் பொருள் தேடுவது என்று அவளுக்கு யாரும் காட்டியிருக்கவில்லை.

இந்த ஒரு காரணத்துக்காகவே, டர்பனில் ஆசிரியராக விரும்பும் நம் பெண்களிடம் ஜூலுவை முதலாண்டிலேயே தொடங்குங்கள் என்று வற்புறுத்துகிறேன். நம் பாட்டிமார்கள் தெருவில் காய்கறி விற்று, வாங்க வந்தவர்களிடமே ஜூலு கற்றவர்கள். நம்மால் முடியாதா?

பட்டம் கிடைத்ததும் நேராக வேலை கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். சேஸ் எனப்படும் ஆசிரியர் மன்றத்தில் பதிவு செய்யாமல் எந்தப் பள்ளியிலும் கற்பிக்க முடியாது. அதற்குக் காவல் துறையின் நன்னடத்தைச் சான்று வேண்டும். கைரேகை கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். குழந்தைகளிடம் வேலை செய்யத் தடையில்லை என்பதற்கான சான்றையும் பள்ளிகள் கேட்கும். இவற்றுக்கான விண்ணப்பத்தைக் கடைசித் தேர்வு எழுதிய வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

பள்ளி வேலையில் இரண்டு வகை உண்டு. ஒன்று அரசுப் பணியிடம். மற்றது பள்ளி நிர்வாகக் குழு, பெற்றோர் கட்டும் கட்டணத்திலிருந்து சம்பளம் கொடுத்து அமர்த்தும் இடம். என்னுடையது இப்போது இரண்டாவது வகை. வேலை அதே வேலைதான், சம்பளம் குறைவு. நம்மைப் போல் தாமதமாக வருபவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. அரசு ஆசிரியருக்கு ஓய்வு வயது 65. அரசு ஓய்வூதிய நிதியில் மாதந்தோறும் ஓய்வூதியம் பெறக் குறைந்தது 10 ஆண்டுப் பணி தேவை. குறைந்தால் ஒரே தொகையாகக் கொடுத்துவிடுவார்கள். நிர்வாகக் குழு வேலையில் கழியும் ஆண்டுகள் இந்தக் கணக்கில் சேரா. ஆகவே 55 வயதுக்குள் அரசுப் பணியிடம் கிடைக்கும்படி விண்ணப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். எந்த மாவட்டத்தில் இடம் இருந்தாலும் நான் விண்ணப்பிக்கிறேன். ஐம்பதைத் தாண்டிய பிறகு படிப்பைத் தொடங்குபவர்கள் தங்களுக்கென்று ஒரு தனி ஓய்வுக்காலச் சேமிப்பையும் கூடவே தொடங்குவது நல்லது.

ஸ்டோக்வெல் தோழியின் பெயரன் இப்போது உயர் வகுப்புக்குப் போய்விட்டான். அவனுக்கு நான் கற்பிக்க வாய்க்கவில்லை. அவன் தங்கை இந்த ஆண்டு என் வகுப்பில் இருக்கிறாள்.

யூனிசாவில் அடுத்த கல்வியாண்டுக்கான விண்ணப்பங்கள் வழக்கமாக ஆண்டின் பிற்பாதியில் திறக்கும். ஞாயிறு தமிழ் வகுப்புக்கு வரும்போது மெட்ரிக் சான்றிதழையும் அடையாள அட்டையையும் எடுத்துவாருங்கள். பெயர் பொருந்துகிறதா என்று முதலில் பார்த்துவிடுவோம்.